கால் ஊன்றாத ஆறு வாரம்

நான் மோட்டார் இறக்குகிறவன். உத்திரமேரூரைச் சுற்றி எந்த ஊரில் போர்க் கிணற்று மோட்டார் நின்றாலும் எனக்கோ என் கூட்டாளிக்கோ போன் வரும். மூன்று கால் இரும்புக் கம்பத்தை நிறுத்தி, சங்கிலிக் கப்பியை மாட்டி, குழாய் குழாயாக மேலே இழுத்து, கடைசியில் அடியில் தொங்கும் மோட்டாரைச் சரிபார்த்து, மறுபடி இறக்குவோம். கூட்டாளி சங்கிலி இழுப்பார். நான் போர் வாயில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கிளாம்ப் போடுவேன். கிளாம்ப் என்றால் இரண்டு இரும்புத் தாடை, இரண்டு போல்ட். மேல் குழாயைக் கழற்றும்போது கீழே தொங்குகிற மொத்தக் கனத்தையும் அதுதான் தாங்க வேண்டும். அது நழுவினால் குழாய், ஒயர், மோட்டார் எல்லாம் பூமிக்குள் போய்விடும். பதிமூன்று வருடத்தில் என் கையிலிருந்து ஒன்றுகூட விழுந்ததில்லை. இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

ஆக, குந்தத் தெரிந்தவனுக்குத்தான் எங்கள் தொழில். நாற்காலியில் உட்கார்ந்து கிளாம்ப் போட முடியாது. அதனால்தான் முழங்கால் வலிக்க ஆரம்பித்தபோது நான் யாரிடமும் சொல்லவில்லை. முப்பத்தொரு வயதில் முழங்கால் வலி என்று சொன்னால் சிரிப்பார்கள். எனக்குச் சிரித்தால் பிடிக்காது.

முதலில் வலித்தது முழங்கால்தான். இதை இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். எண்ணெய் தேய்த்தேன். வாயு என்றார்கள், பூண்டைப் பாலில் வேகவைத்துக் குடித்தேன். கட்டுப் போடுகிறவர் ஒருவரிடம் போனேன். அவர் முழங்காலை அழுத்திப் பார்த்து, சவ்வு விலகியிருக்கிறது என்று பச்சிலை வைத்து இறுக்கிக் கட்டினார். மூன்று கட்டு முடிந்தும் வலி போகவில்லை. முழங்காலைப் படம் எடுத்துப் பார்த்தோம், ஒரு குறையும் இல்லை. குறையில்லை என்று சொன்ன அந்த எக்ஸ்ரே ஆளின் மேல் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதை எழுத முடியாது. வலிக்கிற காலை வைத்துக்கொண்டு நான் நிற்கிறேன், ஒன்றுமில்லை என்கிறான்.

ஆறேழு மாதம் இப்படியே ஓடியது. போர் வாயில் குந்த முடியாமல் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார ஆரம்பித்தேன். பைக்கில் காலைத் தூக்கிப் போடும்போது தொடை இடுக்கில் சுருக்கென்று குத்தும். ஒருநாள் கூட்டாளி சங்கிலியை விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இன்னாபா, ஒரு பக்கமா சாஞ்சிக்கினு நடக்குற? முட்டி வலின்னா யாரும் இப்டி நடக்க மாட்டாங்க. ஒயுங்கா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ" என்றார்.

போனேன். என் மனைவி கூட்டிக்கொண்டு போனாள் என்பதுதான் சரி. நான் பைக்கை எடுக்காமல் தகராறு பண்ணிக்கொண்டிருந்தேன், அவள் பஸ்ஸை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

எலும்பு டாக்டர் என்றால் பயில்வான் மாதிரி ஒருவர் இருப்பார் என்று நினைத்திருந்தேன். ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒரு பெண் இருந்தார். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருக்கலாம். நான் முழங்காலைக் காட்டினேன். அவர் அதைத் தொடவே இல்லை. படுக்க வைத்து, காலை மடக்கி, பாதத்தைப் பிடித்து உள்ளேயும் வெளியேயும் திருப்பினார். தொடை இடுக்கில் உயிர் போனது.

"வலி முழங்கால்ல இல்லை. இடுப்புலேருந்து வருது. இடுப்பு கெட்டா சில பேருக்கு முழங்கால்தான் வலிக்கும்" என்றார்.

ஸ்கேன் எடுத்த பிறகு படத்தை வெளிச்சத்தில் மாட்டி விளக்கினார். தொடை எலும்பின் உச்சி பந்து மாதிரி உருண்டையாக இருக்கிறது. அது இடுப்பில் இருக்கிற கிண்ணத்தில் உட்கார்ந்து சுழல்கிறது. என் வலது பக்கத்துப் பந்துக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை, அதனால் உள்ளே ஒரு பாகம் செத்துவிட்டது.

செத்துவிட்டது என்றதும் நான் எழுந்து நின்றுவிட்டேன். உயிரோடு உட்கார்ந்திருக்கிறவனின் எலும்பு எப்படிச் சாகும் என்று சண்டைக்குப் போவது மாதிரி கேட்டேன். என் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். டாக்டர் கோபப்படவில்லை. இதற்கு முன்னால் பெரிய வியாதி ஏதாவது வந்ததா, நிறைய நாள் மருந்து சாப்பிட்டீர்களா, குடிப்பீர்களா என்று கேட்டார். கொரோனாவில் நான் ஆக்ஸிஜன் வைத்துக் கிடந்ததையும், அப்போது ஊசியும் அதற்கப்புறம் மாத்திரையுமாக ஸ்டீராய்டு கொடுத்ததையும் மனைவி சொன்னாள். குடியைப் பற்றியும் அவள்தான் சொன்னாள், கொஞ்சம் கூடவே சொன்னாள்.

"ஸ்டீராய்டால இருக்கலாம், குடியும் சேர்ந்திருக்கலாம். இதுதான்னு என்னால கையெழுத்துப் போட்டுச் சொல்ல முடியாது. ஆனா அன்னிக்கு உங்க உயிரைக் காப்பாத்தினதும் அந்த மருந்துதான், அதை மறந்துடாதீங்க" என்றார் டாக்டர்.

பிறகு எனக்குப் புரிகிற மாதிரி நிலைமையைச் சொன்னார். பந்தின் உருண்டை இன்னும் கெடவில்லை. உள்ளே செத்த பாகம் அமுங்கி, பந்து சப்பையாகிவிட்டால் அதற்கப்புறம் அதை வெட்டி எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டுதான். அறுபது வயதுக்காரருக்கு அது நல்ல வைத்தியம். முப்பத்தொரு வயதில் வைத்தால் தேய்ந்துபோய், இன்னொரு தடவை ஆபரேஷனுக்கு வந்து நிற்க வேண்டியிருக்கும். அதற்கு முன்னால் சொந்தப் பந்தையே காப்பாற்றப் பார்க்கலாம். எலும்பில் சின்னதாகத் துளை போட்டு, உள்ளே சேர்ந்திருக்கிற அழுத்தத்தைக் குறைத்து, இடுப்பு எலும்பிலிருந்து எடுத்த மஜ்ஜையை அந்தத் துளை வழியாக உள்ளே விடுவார்கள். புது ரத்தக் குழாய் முளைத்து எலும்பு தேறலாம். எல்லாருக்கும் தேறும் என்று சொல்ல முடியாது, ஆனால் உருண்டை கெடுவதற்கு முன்னால் வந்தவர்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது.

"என்ன வேலை பண்றீங்க?" என்று கேட்டார்.

சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "அப்போ உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாமே."

"எத்தன அடி டாக்டர்?" என்றேன்.

"ஒரு விரல் நீளம். அவ்ளோதான்."

ஊரெல்லாம் போருக்குள் கையை விட்டவனுக்கு இடுப்பிலேயே போர் போடப் போகிறார்கள். திரும்பி வருகிற பஸ்ஸில் அதை நினைத்துச் சிரித்தேன். என் மனைவி சிரிக்கவில்லை. பந்து சப்பையானால் நான் குந்த முடியாது, குந்தாவிட்டால் தொழில் இல்லை, தொழில் இல்லாத என்னை வீட்டில் வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள். சிரிப்புக்குக் கீழே எனக்கும் அதுதான் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. அதை அவளிடம் சொல்வதற்குப் பதிலாகக் கண்டக்டரிடம் சண்டை போட்டேன்.

ஆபரேஷன் நான் நினைத்ததைவிடச் சின்னதாக முடிந்துவிட்டது. முதுகில் ஊசி போட்டார்கள், இடுப்புக்குக் கீழே நான் இல்லாமல் போனேன். துளை போடுகிற சத்தம் மட்டும் கேட்டது. மறுநாள் இரண்டு கட்டைகளை அக்குளில் கொடுத்து நிற்க வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரே ஒரு விதி சொன்னார். ஆறு வாரம் வலது காலைத் தரையில் ஊன்றக் கூடாது. துளை போட்ட எலும்பு இப்போது பலவீனமாக இருக்கிறது, புதுசாக முளைக்கிறது எல்லாம் தளிர் மாதிரி, அதன்மேல் உங்கள் எடை விழுந்தால் எல்லாம் அமுங்கிவிடும் என்றார்.

டாக்டர் ஒரு தடவை சொன்னதை என் மனைவி ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொன்னாள். கட்டிலிலிருந்து எழுந்தால் "ஊனாத" என்பாள். குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்று "ஊனாத" என்பாள். காலையில் கண் விழித்ததும் "வலிக்குதா?" என்று கேட்பாள், இல்லை என்றால் "அப்பயும் ஊனாத" என்பாள். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவள் அவள். வேலைக்குப் போன இடத்திலிருந்தும் போன் பண்ணிச் சொன்னாள். அந்தப் போனை எடுக்காமல் விட்டால் பக்கத்து வீட்டுக்குப் போன் பண்ணி என்னைப் பார்த்துவரச் சொன்னாள். இவ்வளவு மானக்கேடு எனக்கு எப்போதும் வந்ததில்லை.

மூன்றாவது வாரம் வலி சுத்தமாகப் போய்விட்டது. மாதக்கணக்காக என்னோடு படுத்து என்னோடு எழுந்த வலி, ஒருநாள் காலையில் இல்லை. இடுப்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். முதல்நாள் பீறிட்டு அடிக்கிற தண்ணீரைப் பார்த்து மாலை போட்டுவிட்டுப் போகிற போர்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன், சித்திரையில் அதில் காற்றுதான் வரும். ஊராருக்கெல்லாம் அதைச் சொல்லி எச்சரிக்கிறவன் என் சொந்தப் போரில் ஏமாந்தேன். வலி போய்விட்டது, அப்படியென்றால் சரியாகிவிட்டது, மீதி மூன்று வாரம் டாக்டர் ஒரு பாதுகாப்புக்குச் சொன்னது என்று மனதுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன்.

பார்க்க வந்தவர்களும் அதற்குத் தூபம் போட்டார்கள். பன்னும் ஆரஞ்சுப் பழமும் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து, "படுத்துக்கினே இருந்தா எப்டி ரத்தம் ஓடும்? நடந்தாதான்பா சரியாவும்" என்றார்கள். என் மனைவி டீயைக் கொடுத்துவிட்டு, "நீங்க டீயக் குடிங்க, ரத்தம் ஓடறத டாக்டர் பாத்துக்குவாங்க" என்பாள். அடுத்த தடவை அவர்கள் வரவில்லை.

அந்த வாரம்தான் காவாந்தண்டலத்திலிருந்து போன் வந்தது. பல வருடமாக நான் மோட்டார் பார்க்கிற ஒரு விவசாயி. வயதானவர், நான் அவரை நைனா என்று கூப்பிடுவேன். நவரைப் பட்டத்து நெல் கதிர் வாங்குகிற நேரம், ஏரியில் தண்ணீர் இல்லை, மோட்டார் நின்று இரண்டு நாள் ஆகிவிட்டது. என் இடத்தில் கிளாம்ப் போட வந்துகொண்டிருந்த ஆள் கம்பெனி வேலைக்கு ஒரகடம் போய்விட்டான். வேறு ஆட்களுக்கு நான்கு நாள் கழித்துத்தான் நேரம் இருக்கிறதாம்.

"பயிரு வெயில்ல சுருண்டுக்கினு கீதுபா. நீ வேல செய்ய வாணாம். வந்து சேர்ல குந்திக்கினு சொல்லு, நாங்க செய்றோம்" என்றார்.

எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. மூன்று வாரமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு ஒரு மோட்டார் சத்தம் கேட்டால் போதும். என் மனைவி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"போலாம். ஆனா கிளாம்ப் நான் போடுறேன்" என்றாள்.

சிரித்தேன். எங்கள் தொழிலில் போர் வாயில் பெண்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உட்காரக் கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை, யாரும் கேட்டதுமில்லை.

"அது இன்னா நாத்து நடறதா?" என்றேன்.

"நாத்து நட்டுப் பாத்துட்டு அப்பறம் பேசு. குந்தறதுதானே வேல? நாள் பூரா குந்துறேன். போல்ட்டு முடுக்கறதுதானே? வூட்டுல சிலிண்டர் ரெகுலேட்டர்லேர்ந்து சைக்கிள் வரைக்கும் யாரு முடுக்குறது? நீ அங்க போயி குந்திப்பியோ நிப்பியோ, நான் பக்கத்துல இல்லாம உன்ன அனுப்ப மாட்டேன்."

கூட்டாளி ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தார். என் மனைவி போர் வாயில் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு உட்கார்ந்ததும் விவசாயி வேறு பக்கம் திரும்பி வரப்பைப் பார்த்தார். நான் ஐந்தாறு அடி தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். கட்டைகளை நாற்காலியில் சாய்த்து வைத்தேன். பதினான்கு குழாய். முதல் குழாய் மேலே வந்தது, அவள் கிளாம்ப்பை வைத்து இரண்டு போல்ட்டையும் ஸ்பேனரால் முடுக்கினாள்.

"இன்னும் முடுக்கு" என்றேன்.

"முடுக்கியாச்சி."

"இன்னும் ஒரு சுத்து."

"முடுக்கியாச்சின்றேன்ல. கத்தாத."

ஒவ்வொரு குழாய்க்கும் கத்தினேன். அவள் ஒவ்வொரு குழாயையும் நிதானமாகப் பிடித்தாள். கழற்றிய குழாயிலிருந்து தண்ணீர் கொட்டி, போர் வாயைச் சுற்றி ஒரே சேறாகிவிட்டது. ஒன்பது குழாய் ஒழுங்காக வந்துவிட்டது. உண்மையைச் சொல்ல வேண்டும், என்னைவிட அவள் சுத்தமாகச் செய்தாள். அது எனக்குப் பிடிக்கவும் செய்தது, பிடிக்காமலும் இருந்தது.

பத்தாவது குழாயில் கூட்டாளி சங்கிலியைத் தளர்த்தியதும் டக் என்று ஒரு சத்தம் கேட்டது. குழாய் ஒரு விரற்கடை கீழே இறங்கியது.

அதற்கப்புறம் நான் எதையும் யோசிக்கவில்லை. குழாய் நழுவுகிற சத்தம் கேட்டால் எங்கள் கை தானாகப் போகும். பதிமூன்று வருடத்துப் பழக்கம் அது. கட்டை எங்கே விழுந்தது என்று தெரியாது. நான் போர் வாயில் நின்றுகொண்டு இரண்டு கையாலும் குழாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

குழாய் அசையவில்லை. கனம் கிளாம்ப்பின்மேல் உட்காரும்போது சில சமயம் அப்படித்தான் சத்தம் வரும், விரற்கடை இறங்கும், நிற்கும். இதை நானே நூறு தடவை பார்த்திருக்கிறேன். அவள் முடுக்கியது முடுக்கியபடி நின்றது. என் கையில் ஒரு கனமும் இல்லை. கனமெல்லாம் என் காலில் இருந்தது.

பாதத்துக்குக் கீழே சேறு குளிர்ந்தது. வலது பாதம். அப்போதுதான் தெரிந்தது. காலைத் தூக்கிக்கொண்டு, கூட்டாளி தோளைப் பிடித்து நொண்டி நொண்டி நாற்காலியில் வந்து விழுந்தேன். என் மனைவி ஸ்பேனரோடு என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"ஒத்தக் காலுலதான் நின்னேன்" என்றேன். கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னேன்.

அவள் குனிந்து தரையைப் பார்த்தாள், பிறகு அடுத்த குழாயை இழுக்கச் சொன்னாள். மீதி நான்கு குழாயும் வந்தது. ஒயர் ஜாயின்ட் எரிந்திருந்தது, வேறு போட்டு இறக்கினோம், சாயங்காலத்துக்குள் வாய்க்காலில் தண்ணீர் ஓடியது. விவசாயி என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அவர் சொன்ன எதுவும் காதில் விழவில்லை.

அன்றிலிருந்து என்னைப் பயம் பிடித்துக்கொண்டது. இவ்வளவு நாள் ஊன்றாமல் காப்பாற்றிய பந்தை ஒரு நொடியில் அமுக்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அதுவும் எதற்கு? நழுவாத குழாய்க்காக. அவள் போட்ட கிளாம்ப்பை நம்பியிருந்தால் நான் எழுந்திருக்கவே மாட்டேன். கண்ணை மூடினால் எலும்புக்குள் தளிர் நசுங்குவது தெரிந்தது. டாக்டர் ஏன் தளிர் என்று சொன்னார் என்று அவர்மேலும் கோபம் வந்தது.

யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் மீதி நாட்களில் என்னைப் போல் ஒழுங்கான நோயாளியை அந்த ஆஸ்பத்திரி பார்த்திருக்காது. வலது கால் பெருவிரல்கூடத் தரையில் படவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்தாலும் கட்டையை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டுத்தான் எழுந்தேன். கூட்டாளி இன்னொரு வேலைக்குக் கூப்பிட்டார், நாற்காலியில் உட்காரக்கூட நான் வரமாட்டேன் என்றேன். என் மனைவிதான் போனாள். அந்த மாதத்தில் நான்கு மோட்டார் அவள் இறக்கினாள். நான் வீட்டில் உட்கார்ந்து கத்தரிக்காய் அரிந்தேன்.

அவளிடம் ஒரு மாற்றம் வந்திருந்தது. "ஊனாத" என்று சொல்வதை நிறுத்திவிட்டாள். காலையில் "வலிக்குதா?" என்று மட்டும் கேட்பாள், நான் இல்லை என்றால் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போவாள். மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்கு அவள் தனியாகப் போய்விட்டு வந்த நாளில், "டாக்டர் இன்னா சொன்னாங்க?" என்று கேட்டேன். "மாத்திர குடுத்தாங்க" என்றாள். அவளுக்குத் தெரிந்துவிட்டதோ, தெரிந்து வெறுத்துப்போய்த்தான் பேசாமல் இருக்கிறாளோ என்று நினைத்து உள்ளுக்குள் புழுங்கினேன். கேட்டிருக்கலாம். கேட்டால் பொய் சொன்னதை ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும், அதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை.

ஆறு வாரம் முடிந்து போனோம். படம் எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தோம். பக்கத்தில் என்னைவிடச் சின்னப் பையன் ஒருவன் அதே மாதிரி கட்டைகளோடு உட்கார்ந்து போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஊன்றியிருக்க மாட்டான் என்று எனக்குத் தோன்றியது, அவன்மேல் பொறாமையாக இருந்தது.

உள்ளே போனதும் டாக்டர் படத்தை மாட்டுவதற்குள் நான் சொல்லிவிட்டேன். ஒரு தடவை ஊன்றிவிட்டேன், முழு எடையையும் போட்டுவிட்டேன், யாருக்கும் தெரியாது, வீட்டில் பொய் சொன்னேன், என்ன ஆகியிருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள் என்றேன். என் குரல் எனக்கே கேட்கச் சகிக்கவில்லை.

டாக்டர் என்னையும் என் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அது எனக்கு அப்பவே தெரியுமே. மாத்திரை வாங்க வந்தப்போ உங்க வீட்டம்மா சொன்னாங்க. சேத்துல ரெண்டு காலும் பதிஞ்சிருந்ததாம், வலது கால் எவ்ளோ ஆழம்னு விரல் வெச்சே காட்டினாங்க. வலி கூடலைன்னா பயப்பட வேணாம், ஒரு தடவை நின்னதுக்கு ஒண்ணும் ஆகியிருக்காது, வலி வந்தா உடனே கூட்டிட்டு வாங்க, இனிமே மட்டும் கூடாதுன்னு சொல்லி அனுப்பினேன். உங்ககிட்ட சொல்லலையா?"

திரும்பி என் மனைவியைப் பார்த்தேன். அவள் மாட்டியிருந்த படத்தை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாமே, மூணு வாரம். மூணு வாரமா நான் செத்துக்கினு கீறேன்" என்றேன். டாக்டர் முன்னால் என்றுகூடப் பார்க்கவில்லை.

"சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்ப?" என்றாள். "ஒரு தடவைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு டாக்டரே சொன்னாங்கன்னு ஊரு பூரா சொல்லிக்கினு நடந்திருப்ப. நான் நாப்பது தடவ சொல்லி நிக்காதது, உன் பயத்துல நின்னுது. எனக்கு மட்டும் தூக்கம் வந்துதுன்னு நெனைக்கிறியா? தெனம் காலையில வலிக்குதான்னு கேட்டுட்டு, நீ வாயத் தொறக்கிற வரைக்கும் எனக்கு மூச்சே வராது."

எனக்கு வந்த கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. தேடிப் பார்த்தேன், இல்லை.

டாக்டர் படத்தில் விரலால் ஓர் அரைவட்டம் போட்டுக் காட்டினார். பந்து உருண்டையாகவே இருந்தது. எங்கேயும் அமுங்கவில்லை, துளை போட்ட இடத்தில் விரிசல் இல்லை. முழுசாகத் தேறியதா என்று தெரிய இன்னும் ஒரு வருடம் பார்க்க வேண்டும், நடுவில் மறுபடி ஸ்கேன் எடுப்போம், குடிக்கக் கூடாது, இனிமேல் போர் வாயில் குந்துவதை மறந்துவிடுங்கள் என்றார். "அதுக்கு ஆள் கீது டாக்டர்" என்றாள் என் மனைவி.

அடுத்த அறையில் பயிற்சி கொடுக்கிறவர் எடை பார்க்கிற மெஷினைத் தரையில் வைத்தார். இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி இருந்தது. இடது காலைப் பலகையில் வைத்து, வலது காலை மெஷினில் வைத்து, முள் பதினைந்து கிலோவுக்கு வருகிற வரை மெதுவாக அழுத்துங்கள், இன்றைக்கு அவ்வளவுதான் என்றார்.

காலை வைத்தேன். அழுத்தச் சொன்னால் கால் கேட்கவில்லை. முள் பூஜ்ஜியத்திலேயே நின்றது. பாதம் காகிதம் மாதிரி மெஷின்மேல் கிடந்தது. பயிற்சி கொடுக்கிறவர் தைரியம் சொன்னார், டாக்டரே எட்டிப் பார்த்து ஊன்றலாம் என்றார். எனக்கு மூளைக்குத் தெரிகிறது, காலுக்குத் தெரியவில்லை.

"ஊனு" என்றாள் என் மனைவி.

"பயமா கீதுமே."

கல்யாணமான நாளிலிருந்து அவளிடம் நான் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அவள் பையைக் கீழே வைத்துவிட்டு வந்து, மெஷின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, என் கணுக்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அது வேற பயம், நான் ஏத்திவுட்டது. இப்ப நான்தான் சொல்றேன், ஊனுய்யா."

ஊன்றினேன். முள் அசைந்தது. அவள் குனிந்து, எண்ணைப் படித்துச் சொல்ல ஆரம்பித்தாள். மூன்று என்றாள், ஐந்து என்றாள், ஒன்பதில் கொஞ்ச நேரம் நின்றது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்து முள் தெரியவில்லை, அவள் குரல்தான் கேட்டது. பதினைந்து வந்ததும் "போதும், நில்லு" என்றாள். வலி இல்லை. நின்றேன்.